குளவிக்கு விட்ட பத்துச் செடி

மெய்யியல் பேராசிரியர் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்கும் பிடிபடாது. "எந்த வருத்தத்துக்கு மருந்து குடுப்பீங்க?" என்று கேட்பார்கள். சூழல் அறமும் பௌத்த சிந்தனையும் படிப்பிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

மூன்று வருடங்களுக்கு முன் விடுமுறையில் ராகலைப் பக்கமுள்ள எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அக்கா கொழுந்தெடுக்கும் மலையில், ஒரு சவுக்கு மரத்தில், பெரிய குளவிக்கூடு. எரிக்கப் பந்தத்தோடு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

நான் விடுவேனா? காலையில் கண்காணிக்கும் கண்டாக்கையா வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே ஒரு விரிவுரை நடத்தினேன். அதுவும் உயிர்தானே, மரத்தைச் சுற்றிப் பத்துச் செடியைக் கொழுந்தெடுக்காமல் விட்டுவிடுங்கள் என்றேன். "படிச்சவங்க சொல்றாங்க" என்று பந்தத்தைக் கீழே போட்டார்கள். அடையாளத்துக்கு மரத்தில் சிவப்புத் துணி கட்டினார்கள். குளவியும் வருடா வருடம் அங்கேயே வந்து கட்டியது.

அதை வைத்துக் கட்டுரை எழுதினேன். 'தொழிலாளர்கள் தாமாகவே விட்டுக்கொடுத்தார்கள்' என்று ஒரு வரி. தாமாகவேயாம்! அந்தக் கட்டுரைதான் என்னைப் பேராசிரியராக்கியது.

இந்த வருடம் ஒரு பருந்து கூட்டை அடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற அக்காவைக் குளவிகள் மொய்த்துவிட்டன. நுவரெலியா ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முகமே தெரியவில்லை. இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்லலாம் என்றார் டாக்டர். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

மூன்றாம் நாள் அக்கா பேசினாள். கண் இன்னும் திறக்கவில்லை.

"என்னாலதான்க்கா. நான் அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

"எரிக்க எனக்கும் மனசில்லதான் தம்பி. ஆனா பத்துச் செடி போச்சேன்னு கண்டாக்கையா கொழுந்தக் கொறைச்சா கேட்டாரு? கிலோ கொறையக்கூடாதுன்னுதான் அந்தப் பத்துச் செடி ஓரம் வரைக்கும் போய்ப் போய் எடுத்தோம். ஒனக்கென்ன, சொல்லிட்டு பஸ் ஏறிட்ட."

மூன்று வருடமாக ஒருவரும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"கூடு இருக்கா?"

"நேத்து எரிச்சிட்டாங்கக்கா."

"பாவம்" என்றாள். பிறகு சொன்னாள்:

"மூணு வருசமா எடுக்காம ஒசந்து நிக்கிற செடிய வெட்டி விடச் சொல்லு தம்பி. அந்தப் பத்துச் செடியும் தேறிடும். நான் வந்து எடுத்துக்கிறேன்."