கவலை மாடு இறக்கிய மோட்டார்

எண்ணெய் எஞ்சினைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு பேச்சு வைத்திருந்தார்கள். "குடிக்கிறது எண்ணெ, கக்கறது பொகை, நடுவுல கொஞ்சம் தண்ணி" என்பார் ஒருவர். "மாமனார் வூட்டுக்கு வந்த மாப்பிள்ளைங்க அது. சத்தம் கேட்டா ஊரே எந்திரிக்கும், வேலை என்னான்னு கேக்கக்கூடாது" என்பார் இன்னொருவர். எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்த எஞ்சினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிணறு கிணறாக வாடகைக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான்தான். தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. நான் டவுனில் பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளை. பிரித்துப் பார்த்து, மறுபடி பூட்டத் தெரியாமல் விழித்து, அப்படியே கற்றுக்கொண்டவன்.

எந்த இயந்திரம் உசத்தி என்று பார்க்க என்னிடம் மீட்டர் கிடையாது. கையும் காதும்தான். தொட்டால் சுடுகிறதா, அந்தச் சூடு வீண். கத்துகிறதா, அந்தச் சத்தம் வீண். இரண்டும் போக மிச்சம் இருப்பதுதான் வாய்க்காலில் ஓடுகிறது. இந்தக் கணக்குப்படி என் எஞ்சின் பெரிய ஊதாரி. அதைக் குளிர வைக்க ஒரு பீப்பாயில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பீப்பாய் கொதிக்கும். பெண்கள் அதற்காகவே துணி மூட்டையோடு வந்து காத்திருப்பார்கள்.

அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி முதலில் வந்து நின்றவர்தான் இந்தக் கதையின் அக்கா. தோட்டம் அவருடையது, முடிவும் அவருடையது. அவர் வீட்டுக்காரர் கவலை என்கிற மாட்டு ஏற்றம் ஓட்டுகிறவர். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கினால் வடம் உருளை மேல் ஓடி, கிணற்றிலிருந்து இரும்புச் சால் நிறைந்து மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் அதே மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேடு ஏறும், சால் கீழே போகும். மாடுகளைக் கர்நாடகப் பக்கத்துச் சந்தையில் வாங்கியிருந்தார். அதனால் அவற்றோடு கன்னடத்தில்தான் பேசுவார். "அதுக்குத் தெரிஞ்சதைத்தான நாம பேசணும்" என்பார். அவ்வளவு மரியாதை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எண்ணெய்க்குக் கட்டுப்பாடு வந்து என் எஞ்சின் பாதி நாள் படுத்துக் கிடந்தது. அந்த வருஷம்தான் அவர்கள் தோட்டத்து ஓரமாகக் கரண்டு லைன் வந்தது. அக்கா யோசிக்கவே இல்லை. மோட்டார் வந்து இறங்கியது. பூட்டிக் கொடுக்க என்னையே கூப்பிட்டார்.

கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் பாறைத் திட்டு ஒன்று இருந்தது. என் எஞ்சின் ஓடிய காலத்தில் அது மேட்டிலும் பம்பு அந்தத் திட்டிலுமாக இருக்கும், நடுவில் நீளமாக ஒரு பெல்ட்டு. பெல்ட்டு வழுக்கும், அறும், மழை பெய்தால் சிணுங்கும். இதில் பெல்ட்டே இல்லை. மோட்டாரும் பம்பும் அந்தத் திட்டிலேயே ஒரே பலகையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. சுவிட்சைப் போட்டேன். வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கூடியிருந்தவர்கள் முகத்தில் ஏமாற்றம். "என்னா பாய், மொனங்குது? ஒடம்பு சரியில்லையா அதுக்கு?" என்றார் ஒருவர்.

"சத்தம் போட்டாத்தான் வேலைன்னா எங்க வூட்டுக்காரரு இந்நேரம் மலையப் பேத்திருப்பாரு" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் வாய்க்காலோடு நடந்தார். இயந்திரத்தைப் பார்த்து மதிப்புப் போடுகிறவர் அல்ல அவர். கடைசிப் பாத்திக்குப் போய் அங்கே நின்று பார்ப்பார். திரும்பி வந்து, "எஞ்சினு தண்ணி நடந்து வரும், இது ஓடி வருதுங்க" என்றார். நான் மோட்டாரின் மேல் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் நின்ற கன்றுக்குட்டியின் முதுகுச் சூடு, அதற்கு மேல் இல்லை. என் தொழிலுக்கு எதிரி அது. ஆனாலும் அதன் மேலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை.

அக்காவுக்கு மட்டும் ஒரு குறை. "எல்லாஞ் செரி பாய், இனிமே சுடுதண்ணிக்கு நான் எங்க போறது?"

சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கியது. கேழ்வரகு கதிர் விட்டுப் பால் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் கட்டினால் மணி நிறையும், கட்டாவிட்டால் தட்டைதான் மிஞ்சும். அரிசி கண்ணில் படாத வருஷம் அது. அந்த வீட்டுக்கு அடுத்த பட்டம் வரைக்கும் களியும் கூழும் அந்த வயலில்தான் நின்றுகொண்டிருந்தது. ஒரு காலை மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை.

வீட்டுக்காரர் மோட்டார் கெட்டுப்போனது என்றே நினைத்தார். அவருக்கு ஒரு பப்பாளிக் காம்பை ஒடித்துக் காட்டினேன். "இதை வெச்சு சொம்புத் தண்ணிய உறிஞ்சலாம்ணா. மச்சுமேல நின்னுக்கிட்டு முத்தத்துத் தண்ணிய உறிஞ்ச முடியுமா? பம்புக்கும் அப்படித்தான். மூணு நாலு ஆள் ஒசரத்துக்கு மேல எந்தச் சூரனும் உறிஞ்ச மாட்டான். மேலே தள்ளச் சொல்லுங்க, எவ்வளவு வேணும்னாலும் தள்ளுவான்."

"அப்ப அவனைக் கீழ கொண்டுபோ" என்றார் அக்கா.

சரியான பேச்சு. என் எஞ்சினுக்கு அந்தப் பேச்சே இல்லை. கிணற்றுக்குள் இறக்கினால் அதன் புகையே பக்கத்தில் நிற்கிறவன் மூச்சை அடைத்துவிடும். மோட்டாருக்குப் புகையில்லை, எங்கே வேண்டுமானாலும் போகும். ஆனால் கீழே திட்டு இல்லை, செங்குத்தான பாறை. அப்போதுதான் மூவருக்கும் ஒரே நேரத்தில் கண் கவலை உருளை மேல் போனது. சாலைக் கழற்றிவிட்டு, அந்த வடத்தில் மோட்டாரைப் பலகையோடு கட்டித் தொங்கவிட்டால்? தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரும் இறங்கும்.

ஒயரைக் கழற்றினேன். கீழே ஒரு பாறை முனையில் போய் நின்றுகொண்டேன். மேலே மாடுகள் பின்னால் நடந்தன. மோட்டார் மெல்ல, கல்யாணப் பெண் மாதிரி அசைந்து இறங்கியது. என் மார்பு உயரத்துக்கு வந்ததும், "போதும்ணா" என்றேன். அவரும் மாட்டிடம் அதன் பாஷையில் சொன்னார். மாடுகள் நிற்கவில்லை.

எப்படி நிற்கும்? அவை மேடு ஏறினால் ஏறவேண்டிய இடம் வரைக்கும் ஏறும். தண்ணீரில் சால் முங்காமல் ஒரு நாளும் நின்றதில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்தன. மோட்டார் என் முழங்காலைக் கடந்து, மிச்சமிருந்த தண்ணீரில் குபுகுபுவென்று முழுகியது. முழுகினதும் வடம் தளர்ந்தது. வடம் தளர்ந்தால் சால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மாடுகள் தம் பாட்டுக்குச் சரிவில் இறங்கின. மோட்டார் நான்கு பக்கமும் தண்ணீர் சொட்ட, நிறைந்த சால் போலக் கம்பீரமாக மேலே போய்ச் சேர்ந்தது.

நான் ஏறி வருவதற்குள் அக்கா அதன் முன்னால் நின்றிருந்தார். "பாய், மோட்டாரு தலைக்கு ஊத்திக்கிச்சு."

வீட்டுக்காரர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "அதும்மேல தப்பு இல்லீங்க" என்றார். இல்லைதான். எங்கள் மூன்று பேரின் மூளையில் மாட்டுப் பழக்கத்தின் நினைவு மட்டும் வரவில்லை.

கம்பிச் சுருளில் ஈரம் இருக்கும்போது கரண்டு கொடுத்தால் எரிந்துவிடும். காய வேண்டும், அவசரப்படாமல் காய வேண்டும். மூடிகளைக் கழற்றினேன். வெயில் போதுமா என்று நான் வானத்தைப் பார்க்க, அக்கா கோழி மூடுகிற பெரிய கூடையை எடுத்துவந்தார். "தலைக்கு ஊத்துன புள்ளைக்குச் செய்யறதைத்தான் இதுக்கும் செய்யணும்." கீழே தணல் சட்டி, மேலே மோட்டார், அதன் மேல் கூடை, கூடை மேல் சாக்கு. கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் போகாமல் நான் பார்த்துக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது அக்கா தணலில் ஒரு சிட்டிகை சாம்பிராணியும் போட்டுவிட்டார்.

"எதுக்குக்கா இது?"

"சளி புடிக்காம இருக்கட்டும்னுதான்."

சிரித்தோம். ஆனால் வயலைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். இலை சுருள ஆரம்பித்திருந்தது. வீட்டுக்காரர் வடத்தில் இரும்புச் சாலைத் திரும்பப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். அடித் தண்ணீரில் அது சாய்ந்து படுத்து, பாதி சேறோடு வந்தது. அக்கா வயலுக்கும் கூடைக்குமாக நடந்தபடி இருந்தார். ஒரு நடையில் நின்று கேட்டார்: "இது நனையாம இருக்கறதுக்கு மூணு பேரு, ரெண்டு மாடு காவலு. தவளை தண்ணிக்குள்ளதான இருக்குது? நனைஞ்சா நனையட்டும்னு ஒரு மோட்டாரைச் செஞ்சா என்னா?"

நான் அன்று, "தண்ணிக்குள்ள கரண்டாக்கா?" என்று கேட்டதோடு சரி.

பல வருஷம் கழித்து, அக்கா கேட்ட நனைகிற மோட்டார் எங்கள் ஊருக்கே வந்தது. மூங்கில் குழாய் மாதிரி ஒல்லியாக, நீளமாக. தண்ணீருக்குள் இறக்கிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நியாயமாகச் சொல்லவேண்டும். மோட்டாரை மட்டும் தனியே எடுத்து மேசை மேல் வைத்துப் பார்த்தால், கரையில் உட்கார்கிற மோட்டார்தான் ஒரு பிடி கெட்டிக்காரன். குழாய்க்குள் அடங்கவேண்டும் என்று ஒல்லியாக்கிய உடம்பு, தண்ணீருக்குள்ளேயே சுற்றுகிற இழுப்பு, இரண்டும் கொஞ்சம் கரண்டைத் தின்னும். ஆனால் கிணற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பெல்ட்டு இல்லை, உறிஞ்சுகிற பாடு இல்லை, தள்ளுகிற வேலை மட்டும். சூட்டைச் சுற்றியிருக்கும் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது. ஒன்றில் தோற்று மற்றதிலெல்லாம் ஜெயிக்கிற ஆள் அது. யார் செய்தார்களோ, அவர்கள் கையைப் பிடித்து அந்த அக்காவிடம் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் போலிருந்தது.

மோட்டார் நனைந்த அன்று சாயங்காலம் ஒயரில் ஒரு பல்பைச் சேர்த்துச் சோதித்தேன். ஈரம் மிச்சமிருந்தால் கரண்டு அதன் வழியே கசிந்து பல்பு மினுக்கும். மினுக்கியது. மறுபடி தணல். மறுநாள் மதியம் மறுபடி வைத்தேன். பல்பு இருட்டாகவே இருந்தது. நான் துள்ளாத குறை.

"வெளக்கு எரியலைன்னு சந்தோசப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் அக்கா.

இறக்குவதுதான் பாக்கி. மாடுகளை அவிழ்த்துவிட்டு ஆட்களை வைத்து இறக்கலாம் என்றேன். வீட்டுக்காரர் ஒப்பவில்லை. மாடுகளை மேட்டில் அவை வழக்கமாக நிற்கிற இடத்தில் நிறுத்தி, அதற்குத் தகுந்தபடி வடத்தைச் சுருக்கி முடிச்சுப் போட்டார். "மாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருக்க நேரமில்ல. கயித்துக்குச் சொல்லிட்டேன்" என்றார். மாடுகள் பின்னால் நடந்தன, ஏறவேண்டிய இடம் வரை ஏறின, நின்றன. மோட்டார் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே வந்து தொங்கியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வடத்தைக் கல்தூணில் கட்டினோம். குழாயோடு இன்னொரு துண்டுக் குழாயைக் கூட்டினேன். சுவிட்சுக்குப் பக்கத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

சுவிட்சைப் போட்டேன், வண்டு முனகியது. கிணற்றுக்குள்ளிருந்து, சூடேறிய கம்பியோடு கலந்து, சாம்பிராணி வாசம் மேலே வந்தது. மூவரும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சேறு, பிறகு தெளிவு. வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் நடந்தார். இருட்டுவதற்குக் கொஞ்சம் முந்தி, வயலின் அந்தக் கடைசியிலிருந்து அவர் குரல் வந்தது.

"கடேசிப் பாத்தி நனைஞ்சிருச்சு."