இடது பக்கக் கதவு

எங்கள் வண்டிக்கு ‘ஓட்டை வண்டி’ என்று பெயர் வைத்தவள் நான்தான். வாங்கி ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. வண்டியில் ஓட்டையும் இல்லை, ஒரு கீறலும் இல்லை. என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போர்ச்சுக்குப் போய் அதைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அந்த எரிச்சலில் வைத்த பெயர். “முதல்ல பல்ல வெளக்குங்க, அப்புறம் அந்த ஓட்டை வண்டிய வெளக்கலாம்” என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். அவர் பதில் சொல்லமாட்டார். துடைப்பதையும் நிறுத்தமாட்டார்.

இருபத்தொரு வருடமாக இதே கூத்துதான். மகன் பாலர் பள்ளிக்குப் போனது அந்த வண்டியில். பெக்கான் நானாஸில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பின்னால் அன்னாசிப்பழம் ஏற்றி வந்தது அந்த வண்டியில். நல்ல வெயிலில் கதவைத் திறந்தால் இன்றைக்கும் லேசாக அந்த வாசனை வரும். கோத்தா திங்கியில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்த வருடம், மனுஷன் பிரிட்ஜை விட்டார், டிவியை விட்டார், முதல் வேலையாக வண்டியைப் பள்ளிக்கூட மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார். நான் பேசாத பேச்சில்லை. பிறகு இரண்டு நாள் நாங்கள் மூன்று பேரும் அந்த வண்டிக்குள்தான் நனையாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போதாவது நான் நல்ல வார்த்தை ஒன்று சொன்னேனா? சீட்டு சின்னதாக இருக்கிறது என்று குறை சொன்னேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை, மெதுவாகிவிட்டது. முன்பே பேசாத மனுஷன். இப்போது அவருடைய ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான் சோறு வடித்துவிடலாம்.

லைசென்ஸ் எடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடாதவள் நான். அவர் விழுந்த பிறகு ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றாகிவிட்டது. தெப்ராவில் நான் வேலை செய்யும் இடத்துக்கு ஃபேக்டரி பஸ்ஸிலேயே போய் வந்துவிடுவேன். வண்டி செவ்வாய்க்கிழமைக்குத்தான். அன்று எனக்கு லீவு, அவருக்கு ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி.

கைத்தடியை ஊன்றிப் போர்ச்சுவரை மெதுவாக நடந்து வந்துவிடுவார், ஆனால் அவரை வண்டியில் ஏற்றுவது பெரிய வேலை. முன்பக்கத்து இடது கதவைத் திறந்து, இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிப்பிடித்து, திருப்பி, சீட்டில் உட்காரவைத்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்து, கதவை அறைந்து சாத்துவேன். அன்று முழுக்க என் முதுகு முனகும். அவர் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்.

இந்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், நடுவில் ரோடு, உச்சி வெயில். இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. கியரை மாற்றி மாற்றிப் போட்டு ‘ஐயோ, ஐயோ’ என்று அலறினேன். தாமான் முனையில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் போர்மேனுக்குப் போன் அடித்தேன். எங்கள் வண்டியை ஆரம்பத்திலிருந்து பழுது பார்ப்பவன் அவன்தான். இழுவை லாரி எடுத்துக்கொண்டு அவன் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் என் வீட்டுக்காரருக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. சரிவான ரோட்டோரத்தில் என்னால் அவரை இறக்கவும் முடியவில்லை. போர்மேன் வந்தபோது அவர் கால்சட்டை நனைந்திருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்மேன் ஒரு நொடிதான் பார்த்தான். கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவருக்கு நீட்டினான், நீட்டும்போதே பாதியை அவர் மடியில் கொட்டினான்.

“அலமாக்! மன்னிச்சிக்குங்கண்ணே, கை தவறிடுச்சி” என்றான்.

அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும். அதற்குப் பிறகு சாமி கும்பிடும்போதெல்லாம் அவன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வொர்க்‌ஷாப்பில் வண்டியை ஏற்றிப் பார்த்துவிட்டு வந்தான். “அக்கா, கியர்பாக்ஸ் போச்சு. ஆயில் மாத்தி விடறேன், கொஞ்ச நாள் ஓடும், நம்பாதீங்க. தேடுனா பழைய கியர்பாக்ஸ் ஒன்னு கெடைக்கும், போடலாம். ஆனா உங்க நெலமைக்கு நான் புதுசு பாருங்கன்னுதான் சொல்லுவேன்” என்றான். கைக்கு வரும் வேலையை வேண்டாம் என்கிறானே, இவன் பிழைத்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டதா? பேட்டரி வேறு சாக ஆரம்பித்தது. மாற்றி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்குச் சட்டை மாட்டி, நானும் கிளம்பி, சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு தடவை பயிற்சிக்கே போக முடியவில்லை. “இந்த ஓட்டை வண்டி என் உயிர வாங்காம விடாது” என்று போர்ச்சில் நின்று கத்தினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருவான். விஷயத்தைக் கேட்டதும், “போதும்மா. முன்பணம் நான் கட்டிடறேன். அப்பாவ வச்சிக்கிட்டு இனிமே ரோட்டுல நிக்காதீங்க” என்றான். அன்றைக்கே அவரை ஓட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெப்ராவில் ஒரு கார் கடைக்குப் போனோம்.

இப்போது வருவதெல்லாம் உயர உயரமான வண்டிகள். வெள்ளை நிறத்தில் ஒன்று எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவரையும் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று மகன் கதவைத் திறந்தான். சீட்டு அவர் இடுப்புக்கு மேலே இருந்தது. வலது கையால் கதவைப் பிடித்து எதையோ முயன்று பார்த்தார். கால் வழுக்கியது. மகன் ஒரு பக்கமும் கடைக்காரப் பையன் ஒரு பக்கமுமாகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அவர் சீட்டைத் தடவினார்.

“ஏசி… நல்லா இருக்கு. வாங்கு” என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. பேரம் முடிந்தது. பழைய வண்டியை அவர்களே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போடவேண்டும்.

நடுவில் வந்த செவ்வாய்க்கிழமை பேட்டரி மறுபடியும் செத்துக் கிடந்தது. போர்மேன் கேபிளோடு வந்தான். மீட்டரை வைத்துப் பார்த்தான், குனிந்து வண்டிக்குள் பார்த்தான், இடது பக்கத்துக்குப் போய்க் கதவை விரலால் தள்ளிப் பார்த்தான்.

“அக்கா, பேட்டரி நல்லா இருக்கு, டைனமோவும் நல்லா இருக்கு. இந்தக் கதவு பாதிதான் சாத்தியிருக்கு. உள்ள லைட்டு விடிய விடிய எரிஞ்சிருக்கு. கறுப்புக் கண்ணாடி ஒட்டியிருக்கில்ல, வெளிய தெரியாது. யாரு இந்தக் கதவ தொறக்கறாங்க?”

யார் திறக்கிறார்கள்? நான் வேலைக்குப் போனால் வண்டி பூட்டித்தானே கிடக்கும். சாவி, சாமி மேடைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். நான் திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தேன். அவர் கைத்தடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். “நீங்களா? உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? ரெண்டு வாரம் பயிற்சி போச்சே! விழுந்து கிழுந்து வச்சா நான் எங்க போயி அழுவேன்? அப்படி என்ன வேல உங்களுக்கு அந்த வண்டிக்குள்ள?” போர்மேன் நிற்கிறான் என்றுகூடப் பார்க்கவில்லை. பொரிந்து தள்ளினேன்.

அவர் மெதுவாக எழுந்தார். கைத்தடியை ஊன்றிப் போர்ச்சுக்கு வந்தார். “கொஞ்சம்… தள்ளு” என்றார்.

கதவைத் திறந்தார். கைத்தடியை வண்டியில் சாய்த்து வைத்தார். சீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வலது கையால் மேலே இருக்கும் பிடியைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மலாய்க்காரப் பெண் எண்ணுவாளே, அதே மாதிரி, “சத்து… டுவா… தீகா…” என்று எண்ணினார். சரியாகச் சீட்டில் உட்கார்ந்தார். வலது காலை உள்ளே எடுத்து வைத்தார். கால்சட்டைத் துணியைக் கொத்தாகப் பிடித்து இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். கைத்தடியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் அவரைத் தொடவில்லை. பிறகு கதவை இழுக்கப் பார்த்தார். வலது கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. இடது கை விரல்களைக் கதவுப் பிடியில் கொக்கி மாதிரி மாட்டி உடம்போடு சேர்த்து இழுத்தார். கதவு பாதி வந்து நின்றுவிட்டது.

எனக்கு வாயடைத்துப்போய்விட்டது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

“எவ்ளோ நாளா?” என்றேன் கடைசியில்.

“மூணு மாசம். நீ வேலைக்குப் போனதும்… வருவேன். ஏர்றது ரெண்டு வாரமாத்தான்… வருது. எறங்குனா ஒரு கையில தடி. கதவ இடுப்பாலதான் தள்ளணும். சரியா சாத்தல போல. பேட்டரி அதனாலன்னு… தெரியாது.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?”

“கதவயும் சாத்திட்டு… சொல்லலாம்னு இருந்தேன்.”

அழுகை வந்தது. அழுதால் தோற்றமாதிரி ஆகிவிடும் என்று மறுபடியும் சண்டைக்குப் போனேன். “அப்ப ஞாயித்துக்கெழம என் முதுகு ஒடிய ஒடிய உங்கள தூக்கி ஏத்துனேனே! அப்பவும் கமுக்கமா இருந்தீங்களே!”

“நீ கட்டிப் புடிக்கிற. நான் ஏன்… வேணாங்கணும்?”

போர்மேன் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் ஒன்று மட்டும் கேட்கவேண்டியிருந்தது. “அப்புறம் ஏன் அந்தப் புது வண்டிய வாங்குன்னு சொன்னீங்க? அதுல உங்களால ஏற முடியலையே.”

“அன்னிக்கு ரோட்டுல… நீ பயந்துட்ட. நான் பாத்தேன்” என்றார்.

மூன்று மாதம் தனியாகப் பாடுபட்டுச் சேர்த்த ஒன்றை, நான் பயந்தேன் என்பதற்காகச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்க இருந்திருக்கிறார். நான் வெள்ளை நிறத்தைப் பார்த்து மயங்கி நின்றேன். பேசாத மனுஷன், பேசாத மனுஷன் என்று இருபத்தொரு வருடம் ஊரெல்லாம் குறை சொன்னேனே, எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒருவர் எனக்கு வாய்த்ததற்கு நான் எந்தப் புண்ணியமும் செய்ததாக நினைவில்லை. போர்மேன் ஏற்கனவே சுருட்டி வைத்த கேபிளை அவிழ்த்து இன்னொரு முறை சுருட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, பழைய கியர்பாக்ஸ் தேடுனா கெடைக்கும்னியே, தேடு” என்றேன்.

“அக்கா, அன்னிக்கு நான் சொன்னது…”

“நீ சொன்னது அன்னிக்கி. போட்டா எவ்ளோ நாள் ஓடும்?”

அவன் வண்டியைப் பார்த்தான், வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். “ரெண்டு மூணு வருஷத்துக்கு நான் பொறுப்புக்கா” என்றான்.

மகனுக்குப் போன் போட்டேன். தாழ்வான வண்டியாக வேறு ஒன்று பார்க்கலாமே என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். ஆனால் இந்த வண்டியில் எந்தப் பிடி எங்கே இருக்கிறது, சீட்டு எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அப்பாவின் உடம்புக்குத் தெரிந்துவிட்டது, இன்னொன்றில் அவரை முதலிலிருந்து தொடங்கவைக்க எனக்கு மனமில்லை என்றேன். கால் இன்னும் கொஞ்சம் தேறட்டும், பிறகு பார்க்கலாம். “அப்பாவேவா ஏறுனாரு?” என்றான். ஆமாம் என்றேன். “யாரும் புடிக்காமலா?” என்று இன்னொரு முறை கேட்டான். கார் கடையில் அவனே பேசிக்கொள்வதாகச் சொன்னான்.

கியர்பாக்ஸ் கிடைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பழைய வண்டிகளை அறுத்துச் சாமான் விற்கும் பொத்தோங் கடைகளில் நாலைந்து ஏறி இறங்கித் தேடிக் கொண்டுவந்தான். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது இடது பக்கக் கதவைத் திறந்து காட்டினான். கதவுப் பிடியிலிருந்து கறுப்பு வார் ஒன்று தொங்கியது. ஒரு பழைய வண்டியின் சீட் பெல்ட்டை வெட்டி, நுனியில் வளையம் மாதிரி தைத்துக் கட்டியிருந்தான்.

“அண்ணன் இத வலது கையால இழுத்தா போதும். பூட்டயும் இளக்கி விட்டிருக்கேன், வெளியவும் இடுப்பால தள்ளுனா சாத்திக்கும்” என்றான். அதற்கு மட்டும் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். புது வண்டிக்குச் செய்வதுதான். எதிர் வீட்டு அக்கா சிரித்தாள், சிரிக்கட்டும். நான் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். இறங்கி வரக்கூடாது என்பது அவர் உத்தரவு. கை பரபரத்தது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் அவர் எண்ணும் சத்தம் கேட்டது. சீட்டு அமுங்கியது. ஒரு கால் வந்தது, இன்னொரு கால் வந்தது. வாரைப் பிடித்து இழுத்தார். கதவு பாதி வந்து நின்றது. அவர் கதவை மறுபடியும் வெளியே தள்ளி, வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முழு பலத்தோடு இழுத்தார்.

‘டப்’ என்று கதவு சாத்திக்கொண்டது. வண்டியே ஆடியது.

“மெதுவாங்க! வண்டி ஒடஞ்சிறப் போவுது!” என்று என்னையறியாமல் கத்தினேன்.

அவர் திரும்பினார். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக, அந்தச் சீட்டில் உட்கார்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஓட்டை வண்டிதானே” என்றார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டேன். வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நகர்ந்தது.