றீட்மி மிஸ்

பிளொப்பி வட்டு கணினிக்குள் போனதும் செசிலியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். மென்பொருளை உடனே நிறுவுகிற பேச்சே கிடையாது. அதோடு வரும் 'றீட்மி' என்ற அறிமுகக் கோப்பைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உதடு அசைய வாசிப்பார். கண்டி நகரில் அவர் வேலை செய்யும் கணினிக் கடைக்கு வருகிறவர்கள் அதுவரை நிற்க வேண்டியதுதான். அவருக்கு அவர்கள் வைத்த பெயரே 'றீட்மி மிஸ்'.

"மிஸ், கதப் புத்தகமா வாசிக்கிறீங்க? ஆக்கள் காத்துக்கிட்டு ஈக்கிறாங்க," என்பார் கடைக்காரர் றிஸ்வி.

"பொறுங்கோ. செய்தவன் சொல்லுறதைக் கேளாமல் அவன்ரை சாமானிலை கை வைக்கலாமோ?"

ஒருநாள் மருந்துக்கடைக் கணினியொன்றில் புதுப் பதிப்பை ஏற்ற றிஸ்வி அவசரப்பட்டார். செசிலியா அவர் கையைத் தட்டிவிட்டுத் திரையில் விரலை வைத்தார். பழைய பதிவுகளைப் படியெடுக்காமல் நிறுவினால் எல்லாம் அழிந்துபோகும் என்று பதினேழாம் வரியில் எழுதியிருந்தது. மூன்று வருடமாக யார் யாருக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற விவரம் முழுவதும் அதில்தான் இருந்தது. அதன்பிறகு செசிலியா கண்ணாடியைத் துடைத்தாலே றிஸ்வி தேநீருக்குச் சொல்லிவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த செசிலியா, கண்டியின் மஹய்யாவ பகுதியில் வடிவம்மா வீட்டு அறையொன்றில் வாடகைக்கு இருக்கிறார். மருந்துகள் காலாவதியாகும் நாளை முன்கூட்டியே சொல்லும் சிறு மென்பொருளொன்றை அங்கிருந்துதான் எழுதினார். அதற்கும் ஒரு றீட்மி உண்டு. ஆங்கில எழுத்தில், மருந்துக்கடைக்காரருக்கு விளங்கும் சிங்களத்தில். கடைசியில் தன் முழுப்பெயர், விலாசம், 'பிழைகள் என்னுடையவை' என்று ஒரு வரி.

நகரில் குண்டு வெடித்த வாரம் பொலிஸார் வீட்டைச் சோதித்தார்கள். யாழ்ப்பாண அடையாள அட்டை ஒருபக்கம், பைக்குள் பிளொப்பிகள் மறுபக்கம். சந்தேகப்பட வேறென்ன வேண்டும்? ஜீப்பில் ஏற்றினார்கள்.

"ஐயா, அந்தப் புள்ள பச்சத்தண்ணிகூட குடிக்கலங்க," என்று வடிவம்மா தெருவரை ஓடிவந்தார்.

பொலிஸ் நிலையத்தில் இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை, கணினி தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். பிளொப்பியொன்றைப் போட்டு, இரகசியம் எங்கே என்று துழாவத் தொடங்கியவரைச் செசிலியா சிங்களத்தில் மறித்தார்.

"முதலில் றீட்மியை வாசியுங்கள், சேர்."

அவர் வாசித்தார். பிளொப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சரிபார்த்தார். பிறகு மீண்டும் அந்தக் கடைசி வரிக்கே வந்தார்.

"பெயரும் விலாசமும் எதற்கு?"

"பிழை வந்தால் ஆளைத் தேடி வரவேண்டுமே."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளொப்பிகளைப் பையில் போட்டு நீட்டி, போகலாம் என்றார். வெளியே வடிவம்மாவும் றிஸ்வியும் காத்து நின்றார்கள். "மிஸ், வாங்க, சுருக்கா வாங்க," என்று றிஸ்வி கையசைத்தார்.

செசிலியா மேசையருகிலேயே நின்று பையைத் திறந்து எண்ணினார். ஒன்பது. அவர்கள் எடுத்துப்போனது பத்து. இன்ஸ்பெக்டருக்கு எதிரே கிடந்த கதிரையை இழுத்துப்போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் உட்கார்ந்தார்.