குமாசிக்குப் போன கல்யாண வான்

டூர் நடத்துகிற தொழிலில் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போவது பெரிய வேலையில்லை. அவர்களை வீட்டு வாசலால் வெளிக்கிடுத்துவதுதான் வேலை. சொந்தக்காரரை ஒரே வானில் ஏற்றிப் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஒருவருக்கு முன் சீற் வேண்டும், ஒருவருக்கு ஏசி ஆகாது, ஒருவர் இன்னொருவரோடு கதைப்பதில்லை. நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் இங்கிலிஸ் பஸ்ஸிலும் கவுன்சில் ஒபிசிலும் படித்தது. லண்டன் ஹரோவில் ஒரு சேலைக்கடை மூலையில் மேசை போட்டு, கோயில் பார்க்கிற ஆக்களுக்கும் பனி பார்க்கிற ஆக்களுக்கும் ஐரோப்பா முழுக்கப் பஸ் விட்டிருக்கிறேன். கானாவுக்கு மட்டும் விட்டதில்லை. அதுவும் வந்தது.

பொம்பிளையின் தகப்பன்

அதைக் கொண்டுவந்தது கமலா. அவளுடைய ஒரே மகள் அபி, குவாமே என்ற கானாப் பெடியனை விரும்பியிருந்தாள். பெடியன் லண்டனிலேயே, மோர்டனில் வளர்ந்தவன், நல்ல பிள்ளை. அவனுடைய பெரிய ஆக்கள் குமாசி என்ற ஊரில். பிளேன் ஏறுகிற வயதில்லை. அதனால் கல்யாணம் அங்கேதான். லண்டனிலிருந்து பன்னிரண்டு பேரைக் கொண்டுபோய், ஒரு கிழமை ஊர் காட்டி, கல்யாணமும் முடித்துக் கொண்டுவர வேண்டும்.

அவர்கள் முறைப்படி, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து வைப்பதை வாங்கட்டோ என்று தகப்பன் சபையில் வைத்து மகளிடம் மூன்று தரம் கேட்க வேண்டும். அவள் மூன்று தரமும் ஓம் என்ற பிறகுதான் கல்யாணம். இங்கே தகப்பன் சிவநேசன், தான் வரமாட்டேன் என்று விட்டார். காரணம் சொல்லவில்லை. குவாமேயோடு ஒன்றாயிருந்து ஃபுட்போல் பார்ப்பார். கானா என்றால் எழும்பிப் போய்விடுவார்.

தகப்பன் வராவிட்டால் தாய்மாமன் கேட்கலாம்தானே என்று நான் அபியிடம் மெல்லச் சொன்னேன். அவள் போனிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"மாமா கேட்டா நான் ஓம் சொல்ல மாட்டன் அன்ரி. அப்பாக்குக் குவாமேயைப் பிடிக்கேல்லை எண்டா, கல்யாணமும் இல்லை."

சனிக்கிழமை மருமகன்

அக்ராவில் எனக்கு வான் ஒழுங்கு செய்து தந்தவர் கோஃபி. போனில் மட்டும் பழக்கம். அவர்கள் பிள்ளை பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள் என்று அவர்தான் சொன்னார். கோஃபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்தவர், குவாமே என்றால் சனிக்கிழமை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கமலாவிடம் சொல்லிவிட்டேன்.

கமலாவுக்கு முகம் செத்துவிட்டது. மருமகனை வாழ்நாள் முழுக்கச் சனி என்றா கூப்பிடுவது? அடுத்த சனிக்கிழமை ஈலிங் கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தாள். தான் என்ன கிழமை பிறந்தவள் என்று ஊருக்குப் போன் எடுத்து விசாரித்திருந்தாள். வெள்ளி. கோஃபியிடம் கேட்டேன், பெண்ணென்றால் அஃபுவாவாம். கமலா அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். முகம் திரும்ப உயிர்த்தது.

"வெள்ளிக்கிழமை மாமிக்குச் சனிக்கிழமை மருமோன். அடுத்தடுத்த நாள்தானே அக்கா, ஒத்துப் போகும்."

தூள்

பன்னிரண்டு பேருக்கும் ஏழு நாளைக்கும் எவ்வளவு மிளகாய்த்தூள் கொண்டுபோவது என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தார்கள். வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் சாப்பிடாதவர்கள் வேறு. அவரைக்குழம்பும் பொரித்த வாழைப்பழமும் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று கோஃபி சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் தூள் கணக்கை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அவர் இங்கிலிசில் சொன்னதை என் தமிழில் தாறேன்.

"தாராளமாய்க் கொண்டுவாருங்கோ அக்கா. ஆனால் முதல் எங்கடை மிளகாயைத் திண்டு அழுது முடியட்டும், பிறகு பெட்டியைத் திறக்கலாம்."

பாண் விற்கிற சந்தி

கமலா வீட்டு மேசையில் மப்பை விரித்து வழி பார்த்தோம். அக்ராவில் இறங்கி, கடற்கரைப் பக்கம் போய்ப் பழைய கோட்டை பார்த்து, திரும்ப அக்ரா வந்து, பிறகு குமாசிக்கு றோட்டால். நீண்ட ஓட்டம். தேத்தண்ணிக்கு எங்கே நிற்பது என்று கமலாவின் தமையன் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்த சிவநேசன் திரும்பாமலே சொன்னார்: "என்சவாத்திலை நிப்பாட்டச் சொல்லுங்கோ. கோதுமை மாப் பாண் விப்பினம். சூடாயிருக்கும். கொஞ்சம் இனிக்கும்."

கமலாவின் தமையன் மப்பிலிருந்து விரலை எடுத்தார். அந்த ஊரின் பெயரை நான் மூன்று விதமாய்ப் பிழைபிழையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவள். உங்களுக்கு என்னெண்டு தெரியும் என்று கமலா கேட்டாள். ரீவியில் பார்த்ததாம். ரீவியில் பாணைப் பார்க்கலாம், இனிக்குமோ என்று எப்படித் தெரியும்? கமலா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"கலியாணம் கட்டின நாள்தொட்டு ரிமோட் என்ரை கையிலைதான் அக்கா. எனக்குத் தெரியாமல் எந்தச் சனலிலை இவருக்குப் பாண் காட்டினவங்கள்?"

பெற்றோல் செட்டில்

கானாவுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும். போட்டுப் பத்து நாள் போனால்தான் அது செல்லும். ஊசிக்கான கடைசி நாளும் நெருங்கிவிட்டது. அது தாண்டினால் சிவநேசன் மனம் மாறினாலும் பயனில்லை. அவர் வேலை செய்கிற பெற்றோல் செட்டுக்கே போனேன். ஆளில்லாத நேரம். அபி சொன்னதை அப்படியே சொன்னேன். கல்யாணமே இல்லை என்று நிற்கிறாள், தம்பி.

அவர் சுவிங்கம் பெட்டிகளை நேராக அடுக்கினார். திரும்பக் குலைத்து அடுக்கினார். பிறகு சொன்னார். இருபது வயதில், லண்டனுக்கு அனுப்புகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் அவரைக் கானாவில்தான் கொண்டுபோய் இறக்கினானாம். என்சவாத்தில் ஒரு வீட்டில், பெடியள் எல்லாரும் நிலத்தில் பாய் விரித்து மாசக்கணக்காய்க் காத்திருந்தார்களாம். சந்தியில் பாண் விற்ற மனுசி ஒருத்தி, மிஞ்சினதை இவர்களுக்குத் தந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாளாம். உள்ளே போனது சொந்தப் பாஸ்போட்டில். வெளியே வந்தது ஆரோ ஒருவருடைய பாஸ்போட்டில். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டுவிட்டு நான் சிரித்திருக்கக் கூடாது, கொஞ்சம் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கணக்குப்படி பாத்தா நான் இன்னும் அங்கைதான் நிக்கிறன் அக்கா. உள்ளுக்கை நிக்கிறவன் திரும்ப எப்பிடி உள்ளுக்கை போறது?"

ஊசி

நல்ல கேள்விதான். கோஃபியிடம் ஆளின் பெயர் சொல்லாமல் கேட்டேன். அந்தக் காலத்துக் காகிதத்தை எலி தின்று, அந்த எலியும் செத்திருக்கும் என்றார். எதற்கும் விசாவுக்கு உண்மையை எழுதுங்கோ என்றார். முன்னம் வந்தனீங்களோ என்று கேட்ட இடத்தில் ஓம் என்று போட்டோம். மற்ற எல்லாருடைய விசாவும் வந்த அன்றே அவருடையதும் வந்தது. அதற்குப் பிறகும் ஊசிக்குப் போகாமல் இழுத்தார். கடைசி நாள் அபியே காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

தாதி வழமையாய்க் கேட்கிற கேள்விதான்: இதற்கு முன் மேற்கு ஆபிரிக்காப் பக்கம் போயிருக்கிறீர்களா? பொய் சொல்லலாமா என்று சிவநேசன் மகளைப் பார்த்தாராம். பிறகு, ஓம், கானாவில் இருந்தேன் என்று சட்டைக் கையை மடித்தாராம். மிச்சக் கதையெல்லாம் கிளினிக் கார் பார்க்கில். அபி எனக்குப் போன் எடுத்தபோது மூக்கு அடைத்திருந்தது.

"ஊசி அப்பாக்கு அன்ரி, அழுதது நான். இவ்வளவு நாளும் குவாமேயிலைதான் பிழை எண்டு நினைச்சிட்டன்."

முதலில் போன பெட்டி

வெளிக்கிடுகிற நேரம் ராகுகாலம். கமலா அதற்கும் வழி வைத்திருந்தாள். முதல்நாள் நல்ல நேரத்தில் பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிய மாதிரி. பக்கத்து வீட்டில் மைக் என்ற ஐரிஷ் கிழவர், தனி ஆள். பெட்டிகளைச் சந்தோசமாக வாங்கி வைத்தார். பாஸ்போட்டுகளையும் அதற்குள் வைத்துப் பூட்டிய விசயம் கமலாவுக்கு நினைவு வந்தது, வாசலில் வான் வந்து நின்றபோது. மைக் வீட்டில் இல்லை.

எல்லாரும் சிவநேசனைத்தான் பார்த்தோம். சகுனம் சரியில்லை என்று திரும்பி உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் போனார்தான், ஆனால் றோட்டுப் பக்கம், வீட்டுச் செருப்போடு, ஓட்டமாய். மூலை பப்பில் காலைச் சாப்பாட்டில் இருந்த மைக்கைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். மைக் கதவைத் திறந்தபடி என்னிடம் சொன்னது:

"இத்தனை வருசம் பக்கத்து வீடு. இந்த மனுசனுக்கு ஓடத் தெரியும் எண்டு இண்டைக்குத்தான் பாக்கிறன்."

கண்ணாடிக்குப் பின்னால்

அக்ரா எயார்போட்டில் நான் வேண்டுமென்றே சிவநேசனுக்குப் பின்னால் நின்றேன். அவருடைய கழுத்துப் பின்பக்கம் வேர்த்து ஒழுகியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் பெண் அதிகாரி. முதல் தரமா என்று கேட்டாள். இல்லை, இரண்டாம் தரம் என்றார். முதல் வந்தது எப்போது என்றாள். நீங்கள் பிறக்க முதல் என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கமலா முருகா என்றது எனக்குக் கேட்டது. முத்திரை டக்கென்று விழுந்தது.

"அப்ப ஏன் திரும்பி வர இவ்வளவு சுணங்கினீங்கள்?"

மூன்று தரம்

என்சவாத்தில் வானை நிற்பாட்டினோம். அந்த மனுசியை அவர் தேடவில்லை. இருந்தால் தொண்ணூறு வயது இருக்கும் என்றார். யன்னலுக்கு ஓடிவந்த எல்லாரிடமும் பாண் வாங்கினார். வான் முழுக்கப் பாண். சூடாய்த்தான் இருந்தது, கொஞ்சம் இனித்தது. கமலாவின் தூள் பெட்டி குமாசி போய்ச் சேரும் வரைக்கும் திறக்கப்படவில்லை.

கல்யாணத்தில் சிவநேசன் வேட்டியோடு சபை நடுவில் நின்று, வாங்கட்டோ பிள்ளை என்று கேட்டார். அபி ஓம் என்றாள். இரண்டாம் தரம், ஓம். மூன்றாம் தரம், ஓம். குமாசிப் பெரியவர்கள் கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். இவர் இருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பவும் வாயைத் திறந்தார்.

"அப்பா, மூண்டோடை நிப்பாட்டுங்கோ. நாலாம் தரம் கேட்டா நான் யோசிப்பன்."

வெளிக்கிடுதல்

திரும்பி வருகிற நாள், வெளியே போகிற முத்திரை விழுந்த பக்கத்தை அவர் மூடவில்லை. விரித்தபடியே பிளேன் வாசல் வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தார். கமலா, மை காயட்டும், ஒருவரும் தட்டாதையுங்கோ என்று வழிவிட்டாள். என் பக்கத்து சீற்றில் இருந்து பெல்டைக் கொழுவியபின்தான் மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இப்பத்தான் அக்கா நான் வெளிக்கிடுறன்."

ஆக்களை ஒரு நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் என் தொழில் என்று இருந்த எனக்கு, அங்கேயே நின்றுவிட்ட ஒருவரை முறைப்படி வெளியே கொண்டுவந்ததற்குக் கிடைத்த கூலி, திரும்பி வருகிற வழியில் அவர் வாங்கித் தந்து, என் மடியில் கிடந்து நசிந்த ஒரு என்சவாம் பாண்.