செல்வி கொண்டுபோன வெட்டுத்துண்டுகள்

கஞ்சி வாடை போகாத புதுத்துணியில் சூடான அயன்பெட்டி படும்போது ஒரு மணம் எழும்... அதை எங்கே முகர்ந்தாலும் எனக்கு அச்சுவேலிச் சந்தைப் பக்கம் இருந்த ராணி அக்காவின் தையல்கடைதான் நினைவுக்கு வரும்.

என் முதல் வேலை அங்கேதான். ராணி அக்கா வெட்டுவார். நானும் தொண்டைமானாற்றிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வியும் தைப்போம்.

அந்தக் கடையில் எதுவும் குப்பைக்குப் போகாது. சிறு துண்டுகளைச் சேர்த்துக் கால்மிதி தைப்போம். நூல்கழிவுகளைத் திணித்து, நாங்கள் உட்காரும் கதிரைக்கு மெத்தை செய்வோம். பூப்போட்ட துண்டுகள் சட்டிபிடிக்கும் துணியாகும்.

செல்வி மட்டும் தினமும் மாலையில் தானாகவே தும்புத்தடியை எடுப்பாள். கூட்டியதிலிருந்து சிவப்பு, செம்மஞ்சள் என்று பளிச்சென்ற துண்டுகளைப் பொறுக்கி ஒரு சொப்பிங் பையில் திணிப்பாள். ஏன் என்று சொல்ல மாட்டாள். நானும் கேட்கவில்லை. கவனித்துக்கொண்டே இருந்தேன்...

ஒருநாள் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் வந்தார். மகளின் கலியாணத்துக்குப் பச்சைப் பட்டில் பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தவர். பிளவுஸை விரித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ஒரு முழமாவது மிஞ்சியிருக்க வேணுமே. மிச்சத்துணி எங்கை?"

தேடினோம். இல்லை.

"நான் அளந்துதான் தந்தனான். இஞ்சை ஆரோ எடுத்திருக்கினம்," என்றார் ரீச்சர்.

நான் ராணி அக்காவின் காதருகில் போனேன். "செல்வியின்ரை பையைப் பாருங்கோவன் அக்கா. ஒவ்வொரு நாளும் நிரப்பிக்கொண்டுதான் போறாள்."

ராணி அக்கா தயங்கினார். பிறகு, "செல்வி, அந்தப் பையை ஒருக்காக் கொண்டு வா," என்றார்.

செல்வி பையை வெட்டும் மேசையில் கவிழ்த்தாள். விரலளவு, கையளவுத் துண்டுகள். நிறவாரியாக முடிச்சுப் போட்டிருந்தாள். பச்சைப் பட்டு இல்லை.

"அண்ணையின்ரை வலைக்குக் கொடி கட்டத்தான். கடலிலை எல்லாற்றை வலையும் பக்கத்திலை பக்கத்திலை கிடக்கும். கொடியைப் பாத்துத்தான் எது எங்கடை எண்டு தெரியும். இதைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பன்."

ரீச்சர் "சரி, சரி" என்றபடி பிளவுஸை எடுத்துக்கொண்டு போனார். செல்வி துண்டுகளைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். மாலைவரை தைத்தாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும்...

அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை. வேறு எங்காவது ஒளித்திருப்பாள் என்றே நினைத்தேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு என் கதிரை மெத்தையின் தையல் விட்டது. பிரித்தேன். உள்ளே, நூல்கழிவுகளுக்கு நடுவில், பச்சைப் பட்டு.

அந்த மெத்தையைத் திணித்துத் தைத்தது நான்தான். அவசரத்தில் மேசையில் கிடந்ததை எல்லாம் வாரிப் போட்டிருக்கிறேன். ஒரு கிழமையாக அதன்மேல் உட்கார்ந்துதான் அவளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ராணி அக்கா துண்டை வாங்கிப் பார்த்தார். "இதைக் குடுக்க ரீச்சரிட்டை நான் போறன். நீ செல்வியிட்டைப் போ," என்றார்.

பஸ் ஏறிப் போனேன். செல்வி வீட்டுச் சுவரில் நீளத் தடிகள் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொடி. எது யாருடைய சட்டைத் துணி என்று எனக்குத் தெரிந்தது. பாதிக்கு மேல் நான் தைத்தவை.

பட்டு கிடைத்த கதையைச் சொன்னேன். பையைப் பற்றி ராணி அக்காவிடம் சொன்னது யார் என்பதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"நீதான் சொன்னனீ எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள் அவளே. "நான் பையைக் கொட்டேக்கை எல்லாரும் பையைப் பாத்தினம். நீ என்ரை முகத்தைப் பாத்தனீ."

"திரும்பி வாவன் செல்வி..."

"வரமாட்டன். இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். அவள் பிறகு கடைக்கு வரவேயில்லை.

இப்போது நானே கடை வைத்திருக்கிறேன். தைக்கத் தந்தவர்களிடம் மிச்சத்துணியைக் கொடுத்தால் "எறிஞ்சு விடுங்கோ" என்கிறார்கள். அளந்து பார்ப்பவர் யாரும் இல்லை. வெட்டுத்துண்டு சாக்கில் நிரம்பி வாசலில் கிடக்கிறது, எடுப்பாரில்லை.

என்னிடம் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஏதாவது காணாமல் போனால் என் கண் இன்றைக்கும் முதலில் அவர்கள் பக்கம்தான் போகிறது... அதை மாற்ற முடியவில்லை. வாயைத் திறக்குமுன் என் மேசையை ஒருமுறை முழுதாகத் தேடிப் பார்க்கிறேன். அவ்வளவுதான் முடிகிறது.