பெயர் கேட்ட பெட்டி

1997 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மழை இல்லை, வெயிலும் இல்லை. சுமத்ராவில் காடு எரிந்த புகை மலாக்கா மீது வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. ஜெரெபு என்று மலாயில் சொல்வார்கள். காஜா பெராங் சாலையின் எதிர்ப்பக்கக் கடைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மெர்டேக்காவின், அதாவது சுதந்திரத்தின், நாற்பதாம் ஆண்டுக்காகக் கட்டிய கொடிகள் இன்னும் அவிழ்க்கப்படாமல் சாம்பல் பூத்துத் தொங்கின. அந்த நேரத்தில்தான், எங்கள் தெரு கிளினிக்கில், நான் எழுதிய கணினி நிரல் முதல்முறையாக ஓடத் தொடங்கியது.

அப்போது எனக்கு அறுபது வயது. அரசாங்க எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சும்மா இருந்தால் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருப்பேன் என்று பயந்து மாலை நேரக் கணினி வகுப்பில் சேர்ந்தேன். பேசிக் என்ற நிரல் மொழியில் எனக்குப் பிடித்துப்போனவை இரண்டு சிறு பெட்டிகள். ஒன்று செய்திப் பெட்டி. திரையின் நடுவில் தோன்றி ஒரு வரி சொல்லும். 'ஓகே' என்ற பொத்தானை அமுக்கினால் மறைந்துவிடும். மற்றது உள்ளீட்டுப் பெட்டி. ஒரு கேள்வி கேட்டு, பதில் எழுத ஒரு வெள்ளைக் கட்டம் காட்டும். 'ஓகே', 'கேன்சல்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் வரவழைக்க ஒரு வரி போதும். வேலைக்காலம் முழுவதும் கவுண்டரில் உட்கார்ந்து நான் கேட்ட கேள்விகளை இனி ஒரு பெட்டி கேட்கும் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

"ஒரு மாசம் ஓட்டிப் பாப்போம் சார். சரியா வரலன்னா பேர் எழுதுற பழைய அட்டைக்கே போயிடுவேன்" என்று சொல்லித்தான் டாக்டர் ஒப்புக்கொண்டார்.

முதல் கேள்வி, நோயாளியின் பெயர். அது எழுதப்பட்டால் டாக்டரின் அறையில் ஒரு சீட்டு அச்சாகும். அவர் அந்தப் பெயரைக் கூப்பிடுவார். பெயர் இல்லாமல் எவரும் நுழைந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. உள்ளீட்டுப் பெட்டியில் ஒரு தொல்லை உண்டு. எதுவும் எழுதாமல் ஓகே அமுக்கினாலும் சரி, கேன்சல் அமுக்கினாலும் சரி, நிரலுக்குக் கிடைப்பது ஒரே வெறுமைதான். எழுத மறந்தவரா, எழுத மாட்டேன் என்பவரா என்று அதற்குத் தெரியாது. நான் இருவரையும் ஒன்றாகவே நடத்தினேன். வெறுமையாக வந்தால் 'சிலா இசி நாமா', பெயரை நிரப்பவும், என்று செய்திப் பெட்டி வரும். அதை மூடினால் மறுபடி அதே கேள்வி. மூன்று எழுத்துக்குக் குறைந்தாலும் அதே கதி. நுழைந்தவர் பெயரைச் சொல்லாமல் வெளியேற வழியே வைக்கவில்லை.

முதலில் வீட்டில் என் மனைவியை உட்காரவைத்துச் சோதித்தேன். "எனக்கு உடம்பு சரியில்ல, நீ என்னைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்னு வச்சுக்கோ" என்றேன். அவள் எதுவும் எழுதாமல் ஓகே அமுக்கினாள். செய்தி வந்தது. கேன்சல் அமுக்கினாள். செய்தி வந்தது. பதினோரு முறை.

"என்னங்க இது, வட்டிக்காரன் மாதிரி வாசல்லயே நிக்குது!"

"எழுது. அது பாட்டுக்குப் போயிடும்."

"நீங்களே எழுதிக்குங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவளுக்குத் தட்டச்சு வராது என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு முறையும் பெட்டி விட்டுக்கொடுக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

அந்தத் திங்கட்கிழமை கவுண்டர்ப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் நான்கு பேர் தடையின்றிப் போனார்கள். ஐந்தாவதாக, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தன் கணவரைத் தாங்கியபடி வந்தாள். செங் பக்கத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பிலிருந்து டாக்சியில் வந்திருந்தார்கள். அவருக்குக் கடுமையான இழுப்பு. பெஞ்சில் சாய்ந்தவரின் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம் பாரித்திருந்தது.

"பேரு என்னக்கா?" என்றாள் கவுண்டர்ப் பெண்.

அவள் தன் பெயரைச் சொன்னாள்.

"உங்க பேரு இல்லக்கா. அவரு பேரு."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். விசில் சத்தம் மட்டும் வந்தது.

"ஐசி இருக்கா?" என்று அடையாள அட்டையைக் கேட்டாள்.

"இல்லம்மா, பர்ஸ், ஐசி எல்லாம் வீட்டுலயே கெடக்கு. போட்டது போட்டபடி ஓடியாந்துட்டோம்."

"அப்ப பேர சொல்லுங்கக்கா, சீக்கிரம்லா. இந்தப் பெட்டி விடமாட்டேங்குது."

"அத எப்படிம்மா என் வாயால?"

"வீட்டுல எப்படித்தான் கூப்பிடுவீங்க?"

"ஏங்கன்னுதான்."

"டாக்டர் ஏங்கன்னு கூப்பிட்டா இங்க பாதி ஆம்பளைங்க எழுந்திரிப்பாங்கக்கா!"

யாரோ சிரித்தார்கள். கவுண்டர்ப் பெண் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். சிலா இசி நாமா. புள்ளி வைத்தாள். சிலா இசி நாமா. "அங்கிள், அட்டையா இருந்தா பேர விட்டுட்டு உள்ள அனுப்பிட்டு, அப்புறமா எழுதிக்குவேன்" என்று என் பக்கம் திரும்பினாள்.

மெர்டேக்கா கிடைத்த சமயத்தில் குடியுரிமைக்குப் பதிகிற மேசையில் தற்காலிக எழுத்தராக இருந்தேன். ரப்பர் தோட்டத்துப் பெண்கள் வரிசையில் வருவார்கள். கணவர் பெயர் என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொள்வார்கள். நான் இரண்டாம் முறை கேட்டதில்லை. பேனாவைத் தூக்கிவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். வரிசையில் பின்னால் நிற்கும் ஒருவர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வார். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தோட்டத்து வரிசை வீடுகளை விட்டுத் தாமானுக்கு வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. அன்று அந்தப் பெண்ணின் பின்னால் நின்றவர்களும் அந்நியர்கள்தாம். என் பெட்டிக்கோ வேறு பக்கம் பார்க்கத் தெரியாது. அதை அப்படிச் செய்தவன் நான்.

பெஞ்சிலிருந்தவரின் தலை சரிந்தது. "ஏங்க, ஏங்க" என்று அவள் கத்தினாள். நான் எழுந்து, கவுண்டர்ப் பெண்ணின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கட்டத்தில் என் பெயரைத் தட்டினேன். யோசித்துச் செய்ததல்ல. சோதிக்கும்போதெல்லாம் அதையே தட்டிப் பழகிய விரல்கள். பெட்டி உடனே மறைந்தது. உள்ளே சீட்டு அச்சாகும் சத்தம் கேட்டது. டாக்டர் கதவைத் திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்.

"சார், உங்களுக்கா உடம்பு சரியில்ல?"

நான் பெஞ்சைக் காட்டினேன். இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மருந்துப் புகையை முகமூடி வழியாக இழுத்து, அரை மணியில் அவருக்கு மூச்சு சீரானது. அவள் கவுண்டருக்கு வந்து, "அண்ணே, ஒரு தாளு குடுங்க" என்றாள். கொடுத்தேன். கணவரிடம் கொண்டுபோய் அவரையே பெயரை எழுதச் சொல்லி, என்னிடம் நீட்டினாள். கொட்டை கொட்டையான எழுத்து.

அன்று மாலையே நிரலைத் திருத்தினேன். வெறுமையாக வந்தால் இனிச் செய்தி இல்லை; வரிசை எண் மட்டும் போட்ட சீட்டு அச்சாகும், பெயர் பிறகு. டாக்டர் மாதம் முடிந்தும் பழைய அட்டைக்குப் போகவில்லை. என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அதத்தான் பதினோரு தடவ அமுக்கிக் காட்டினேன். புரிஞ்சுதா உங்களுக்கு?" என்றாள்.

மூன்றாம் நாள் அந்தத் தம்பதியர் பர்ஸ், ஐசியோடு பணம் கட்ட வந்தார்கள். கவுண்டர்ப் பெண் அவர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல பாக்கி ஒண்ணும் இல்லயே அண்ணே" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மாதக் கடைசியில் ரசீது எனக்கு வந்தது. என் பெயரில் இழுப்பு, என் பெயரில் மருந்து. ஒருமுறை பதிந்ததை அழிக்க என் நிரலில் நான் வழி வைத்திருக்கவில்லை. கட்டினேன்: முப்பத்திரண்டு ரிங்கிட் ஐம்பது சென்.