அஞ்சு வருஷமா, மூணும் மூணுமா?

போன சனிக்கிழமை காலை. முதல் தோசையைத் திருப்பிப் போடுகிற நேரத்தில் எதிர்வீட்டுச் செல்வராஜ் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பின்னால் அவர் மகள் பவித்ரா, இப்போதுதான் அழுது முடித்த முகத்துடன்.

"ஏனுங்க அக்கா, இந்த எல்.எல்.பி.ங்கறாங்களே... அதுல எதுக்குங்க ரெண்டு எல்?"

செல்வராஜ் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். பனியன் ஊரில் 'எல்' என்றால் லார்ஜ். டபுள் எல் என்று ஒரு சைஸ் அவர் லேபிளில் பார்த்ததே இல்லை. சந்தேகம் வருமா, வராதா?

பத்திரிகையில் எழுதுவதில் இது ஒரு தொல்லை. போர்வெல் எங்கே போடலாம், ஆதாரில் பேரை எப்படித் திருத்தலாம், வாய்ப்புண்ணுக்கு என்ன தடவலாம்... எல்லாம் என்னிடம்தான் வரும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. தெரியாது என்று ஒருநாளும் சொன்னது கிடையாது.

"ஒண்ணு சிவிலுக்கு, இன்னொண்ணு கிரிமினலுக்கு" என்று அடித்துவிட்டேன்.

"இல்லீங்க அத்தை" என்றாள் பவித்ரா மெதுவாக. "அது லத்தீனுங்க. சட்டங்கள்னு பன்மையில சொல்றதுக்கு 'எல்'லை ரெண்டு தடவை போடுவாங்களாம்."

தோசை கருகிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு இருவரையும் உட்கார வைத்தேன்.

விஷயம் இதுதான். பிளஸ் டூவில் பவித்ராவுக்கு நல்ல மார்க். அப்பா உள்ளூர் காலேஜில் பி.காம். சீட் பேசி வைத்துவிட்டார். மகளோ ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்குத்தான் போவேன் என்கிறாள். அப்ளிகேஷனுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அப்பா தலையாட்டாமல் அவள் போட மாட்டாள். அப்பா தலை ஆடுவதாக இல்லை.

"நான் வேண்டாம்னு சொல்லலீங்க அக்கா. மொதல்ல மூணு வருஷம் பி.காம். முடிக்கட்டும். ஒரு டிகிரி கையில இருக்குமில்லீங்க. அப்பவும் ஆசை இருந்துச்சுன்னா, இன்னொரு மூணு வருஷம் எல்.எல்.பி. படிச்சுக்கட்டும். இதுல என்னங்க தப்பு?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சொன்னேன். பவித்ரா என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு தோசை கருகியிருக்கும்.

"அஞ்சு வருஷம்தான் வேணுங்க அத்தை."

"ஏன் கண்ணு?"

"வேணும்."

அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. வக்கீலாகப் போகிறவள் வாதாட மாட்டேன் என்கிறாள். இதை எங்கே போய்ச் சொல்ல?

ஆனால் ஃபைலைத் திறந்தால் அசந்துபோவீர்கள். பி.ஏ. எல்.எல்.பி., பி.பி.ஏ. எல்.எல்.பி., பி.காம். எல்.எல்.பி. என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தாள். எதில் என்ன பாடம், எந்தக் காலேஜில் எது உண்டு, ஹாஸ்டல் இருக்கிறதா... எல்லாம். முன்னால் எந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கடைசியில் மாட்டப் போவது ஒரே கறுப்புக் கோட்டுதான் என்று விளக்கினாள். அவள் டிக் அடித்திருந்தது பி.காம். எல்.எல்.பி. "அப்பா கேக்கற பி.காம். இதுக்குள்ளயே வந்துருதுங்க" என்றாள். கில்லாடி.

செல்வராஜ் மசியவில்லை. ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகுதான் உள்ளே இருந்தது வந்தது.

"எங்கூட்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் கோர்ட்டுப் படி ஏறுனதில்லீங்க அக்கா. உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம அஞ்சு வருஷத்துக்கு எப்படீங்க ஆர்டர் எடுக்கறது? சாம்பிள் பாக்காம நான் ஒரு பீஸ் தைக்க மாட்டனுங்க."

யோசித்துப் பாருங்கள். ஒரு சாதாரண டி-ஷர்ட். அதற்குக் கலர் அப்ரூவல், ஃபிட் சாம்பிள், சைஸ் செட் என்று எத்தனை சடங்கு! கழுத்துப் பட்டி கால் இஞ்ச் தள்ளியிருந்தால் மெயில் பறக்கும். பிள்ளையின் காலேஜ் படிப்பு? சித்தப்பா மச்சான் சொன்னார், பஸ் வசதி இருக்கு, சேர்த்துவிட்டோம். அந்த வகையில் செல்வராஜ் எத்தனையோ மேல்.

"சாம்பிள்தானே? பாத்துடலாம்" என்றேன்.

என் தோழி தேன்மொழி இங்கே வக்கீல். மதுரைக்காரி, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். போன் போட்டேன். "திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. எனக்கு ஒரு குறுக்கு விசாரணை இருக்கு. பின்னாடி பெஞ்சுல உக்காந்து யார் வேணும்னாலும் பார்க்கலாம்" என்றாள்.

கோடை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்திருந்த வாரம். செல்வராஜ் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய திருநீறுமாக வந்தார். கடைசி பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். ஒரு கேஸைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் எழுந்தார்கள், ஏதோ சொன்னார்கள். வாய்தா. அடுத்த கேஸ். வாய்தா. அதற்கடுத்ததும் வாய்தா.

செல்வராஜ் என் பக்கம் சாய்ந்தார். "மணி பதினொண்ணரைங்க அக்கா. இன்னும் ஒரு பீஸ்கூட முடியலீங்களே. எங்க கம்பெனியா இருந்தா சூப்பர்வைசரை மாத்தியிருப்பாங்க."

நல்லது செய்யப் போய் நானே காரியத்தைக் கெடுத்துவிட்டேனா? பவித்ரா மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தேன்மொழியின் கேஸ் வந்தது. ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்காக அவள் ஆஜர். வெளியே தைக்கக் கொடுத்த டி-ஷர்ட்டெல்லாம் தையல் பிரிந்து திரும்பி வந்துவிட்டதாம். கூண்டில் நின்றது தையல் யூனிட்டின் சூப்பர்வைசர். தேன்மொழி ஒரு டி-ஷர்ட்டைத் தூக்கிக் காட்டினாள். அடி மடிப்பு பிரிந்து தொங்கியது.

"இந்த அடி மடிப்புல உங்க யூனிட்ல போட்ட ஓவர்லாக் பிரிஞ்சிருக்கு. சரிதானே?"

"ஓவர்லாக்குங்களா..." என்று சாட்சி இழுத்தார்.

"ஓவர்லாக் இல்லீங்கம்மா, அது ஃப்ளாட்லாக்குங்க."

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. பேசியது சாட்சி இல்லை. என் பக்கத்தில் இருந்த செல்வராஜ்! எழுந்தே நின்றுவிட்டிருந்தார். பவித்ரா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எனக்குத் தெரிந்த எல்லா முருகனையும் கூப்பிட்டேன்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாருங்க நீங்க? இந்தக் கேஸ்ல சாட்சியா?"

"இல்லீங்கம்மா. டெய்லருங்க."

"உங்களை யாராவது கேட்டாங்களா?"

"இல்லீங்கம்மா. தையலைத் தப்பாச் சொன்னாங்க... வாய் சும்மா இருக்கலீங்க."

"உட்காருங்க. இன்னொரு தடவை பேசினா வெளியே அனுப்பிடுவேன்." குரல் கண்டிப்புதான். ஆனால் கண்ணாடியைத் திரும்ப மாட்டும்போது அவர் உதட்டோரம் அசைந்ததை நான் பார்த்தேன்.

தேன்மொழி சுதாரித்துக்கொண்டு கேள்வியை மாற்றினாள். "தையல் பேரு இருக்கட்டும். இந்த அடி மடிப்பு பிரிஞ்சிருக்கா, இல்லையா?" சூப்பர்வைசர் குனிந்து மடிப்பைப் பார்த்தார். "பிரிஞ்சிருக்குதுங்க."

மதியம் கேன்டீனில் தேன்மொழி நேராக எங்கள் மேஜைக்கு வந்தாள். திட்டு விழப் போகிறது என்று செல்வராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அவளோ அந்த டி-ஷர்ட் மாதிரியே இன்னொன்றை எடுத்து அவர் முன்னால் போட்டாள். "அண்ணே, இதுல எது எதுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க."

ஆஹா! அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சைடில் இரண்டு துணியைச் சேர்ப்பது ஓவர்லாக், அடியில் மடித்துத் தட்டையாகத் தைப்பது ஃப்ளாட்லாக் என்று பிரித்துக் காட்டினார், கழுத்தை மடித்துக் காட்டினார். தேன்மொழி நோட்டில் எழுதிக்கொண்டாள். பவித்ராதான் நடுவில் புகுந்தாள்.

"அக்கா, நீங்க சொன்ன ஓவர்லாக்கையே பதிவு பண்ணியிருந்தா, அந்த சூப்பர்வைசரு பின்னாடி தப்பிச்சிருப்பாருங்களே? ஓவர்லாக் சைடுலதான் இருக்குது, அது எங்கயும் பிரியலைன்னு சொல்லியிருப்பாரு. அது நெசமாவும் இருந்திருக்கும்."

தேன்மொழி பேனாவை மூடினாள். "அண்ணே, நான் வந்து இத்தனை வருஷமாச்சு, இன்னும் தையலுக்குப் பேரு தெரியல. உங்க பொண்ணுக்குத் தையலும் தெரியுது, அதை வச்சு ஒருத்தன் எப்படித் தப்பிப்பான்னும் தெரியுது. இவளை எதுக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க?"

செல்வராஜ் டி-ஷர்ட்டை மடித்து அவளிடம் கொடுத்தார். வெளியே வந்ததும் என்னிடம்தான் பொரிந்தார். "கோர்ட்டு நிறையா பனியன் கேஸுங்க அக்கா. ஃப்ளாட்லாக் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரு இல்லீங்களே. இதுல மூணு வருஷம் சும்மா எதுக்குங்க பி.காம். படிச்சுட்டு உக்காந்திருக்கோணும்? வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட வேண்டாமுங்க. இன்னைக்கே போட்டறலாம்."

போட்டோம். பிரவுசிங் சென்டரில், பி.காம். எல்.எல்.பி., ஐந்து வருஷம். தந்தை பெயர், தொழில் என்ற இடத்தில் சென்டர் பையன் 'கூலி' என்று அடிக்கப் போனான். "சாம்பிள் டெய்லர்னு முழுசா போடுங்க தம்பி" என்றார் செல்வராஜ். கட்-ஆஃப் வரட்டும். அவள் மார்க்குக்குக் கிடைத்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் மூன்று பேருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டு வாசலில் செல்வராஜ் வண்டியை நிறுத்தப் போனார். நான் பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பவாவது சொல்லு. மூணும் மூணும் ஏன் வேண்டாம்னே?"

அப்பா காதில் விழாத தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள்.

"நடுவுல ஒரு கேப் விழுமில்லீங்க அத்தை. பி.காம். கடைசிப் பரீட்சை முடியறதுக்குள்ள பொண்ணு பாக்க வந்து உக்காந்துக்குவாங்க. அப்புறம் எங்கீங்க எல்.எல்.பி.? அஞ்சு வருஷக் கோர்ஸுல அந்தக் கேப்பே இல்லீங்க."

நடுவாசலில் நின்று சிரித்தேன், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு.

நான் பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை எழுதியது சித்திரையில். எனக்குக் கல்யாணம் வைகாசியில்.